காலடியில் விழும் வாலியை என்னதான் செய்வது?

நெட்டுப்பயம்

எல்லோருக்கும் வணக்கம். வயது 46. திருச்சியில் ஒரு கிளப்பில் ஆறு வருடமாக விடிகாலை டென்னிஸ் டபுள்ஸ் ஆடுகிறேன். பின்னால் நின்று அடிப்பதில் பெரிய குறை இல்லை, சர்வீஸும் நல்ல வேகம் என்று நண்பர்களே சொல்வார்கள். நெட்டுக்குப் போனால்தான் கதை கந்தல்.

வாலியில், அதாவது பந்து தரையில் படும் முன்பே அடிப்பதில், நெஞ்சு உயரத்தில் மெதுவாக வருகிற சுலபமான பந்தெல்லாம் பிரச்சினை இல்லை. மூன்று பந்துகளில்தான் மாட்டுகிறேன். ஒன்று, சர்வீஸ் போட்டுவிட்டு உள்ளே ஓடி வரும்போது சரியாகக் காலடியில் இறங்குகிற பந்து. பத்தில் ஏழு நெட்டில்தான் போகிறது, மிச்சம் மூன்று வானத்துக்கு. இரண்டு, எதிரே நெட்டில் நிற்பவர் நேராக உடம்பைப் பார்த்து அடிப்பது, அதுவும் வலது இடுப்புக்கு வந்தால் கை எங்கே போவது என்றே தெரியாமல் சிக்கிக்கொள்கிறது. மூன்று, பேக்ஹேண்ட் பக்கம், அதாவது ராக்கெட் பிடிக்காத கைப்பக்கம், தலைக்கு மேலே மிதந்து வருகிற பந்து, ஸ்மாஷ் அடிக்கவும் முடியாது, விடவும் முடியாது.

போன ஞாயிறு 5-4, 40-30, சர்வீஸ் என்னுடையது. போட்டுவிட்டு ஓடினேன், ரிட்டர்ன் என் ஷூ நுனியில் விழுந்தது, நான் அதை நெட்டின் அடிக் கயிற்றில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அப்புறம் அந்த கேமும் போய் செட்டும் போய்விட்டது. பார்ட்னர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பந்தைப் பொறுக்கி என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கோச் வைத்துக்கொள்ள நேரமும் இல்லை, ஆளும் இல்லை. யாராவது நேராகச் சொல்லுங்கள், எதை மாற்ற வேண்டும்?

செம்மண் கோர்ட்

முதல் பந்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

நெட்டின் உயரத்துக்குக் கீழே பந்தைத் தொடுகிறீர்கள் என்றால் அது ஜெயிக்கிற பந்து இல்லை. இதை மனசு ஒத்துக்கொண்டாலே பாதி சரியாகிவிடும். கீழே இருக்கிற பந்தை மேலே தூக்கித்தான் நெட்டைத் தாண்ட வைக்க முடியும், தூக்குகிற பந்தை வேகமாக அடித்தால் அது வெளியே போகும், வேகமாக அடித்தும் உள்ளே விழ வேண்டுமென்றால் பந்தை முன்னோக்கிச் சுழலவைக்கிற டாப்ஸ்பின் வேண்டும், அதற்கு அந்த இடத்தில் உங்களுக்கு நேரமும் கிடையாது இடமும் கிடையாது. ஆகவே அடிக்காதீர்கள். ராக்கெட் முகத்தைக் கொஞ்சம் வானம் பார்க்கத் திறந்து வைத்து, பந்து வந்த வேகத்திலேயே அதைத் திருப்பி அனுப்புங்கள். எங்கே? நடுவில், ஆழமாக. நெட் நடுவில் 3 அடி, கம்பத்தருகே மூன்றரை அடி. அந்த அரை அடி சும்மா கிடைக்கிற பரிசு, அதை விட்டுவிட்டு ஓரத்தில் ஆங்கிள் தேடுகிற ஆட்கள்தான் எங்கள் கிளப்பிலும் அதிகம். டபுள்ஸில் நடுவில் போட்டால் எதிராளிகள் இரண்டு பேரும் “உன்னுது” “உன்னுது” என்று ஒருவரையொருவர் பார்ப்பார்கள், அது தனி லாபம்.

அப்புறம் முட்டி. ராக்கெட் தலையைத் தரையை நோக்கித் தொங்கவிட்டுப் பந்தை எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், 40 வயதைத் தாண்டிய எல்லோரும் அதைத்தான் செய்கிறோம், நானும் செய்தேன். தலை தொங்கினால் மணிக்கட்டு தளரும், மணிக்கட்டு தளர்ந்தால் பந்து எங்கே போகும் என்று பந்துக்கே தெரியாது. முட்டியை மடக்கிக் கண்ணைப் பந்தின் உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பின்முட்டி கிட்டத்தட்டத் தரையைத் தொட வேண்டும். செம்மண்ணில் ஆடினால் ஆட்டம் முடிந்ததும் முட்டியில் சிவப்பு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் குனிந்திருக்கிறீர்கள், இறங்கவில்லை.

பந்து தரையைத் தொட்டு உடனே எழும்புகிற ஹாஃப் வாலி வேறு கதை. அதில் ராக்கெட்டைப் பின்னால் இழுக்கவே கூடாது. கிரிக்கெட்டில் ஃபீல்டரின் எறி விக்கெட் கீப்பர் முன்னால் தரையில் பட்டு எழும்போது அவர் கையுறையை எப்படித் தரையோடு வைத்துக் காத்திருக்கிறார், பந்தைத் துரத்துவதில்லை, அதேதான். ராக்கெட்டைத் தாழ வைத்து, முகத்தை நேராகவோ கொஞ்சம் மூடியோ பிடித்துக்கொண்டு உடம்பை முன்னால் கொண்டுபோங்கள். பந்து எழும்பும் வேகமே அதைத் தூக்கிவிடும், நீங்களும் சேர்ந்து தூக்கினால்தான் வானத்துக்குப் போகிறது.

பேஸ்லைன்வாசி

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று கேட்டவருக்கு நல்ல வாளி எது என்று சொன்ன மாதிரி இருக்கிறது. ஓடு எங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

பந்து ஏன் காலடிக்கு வருகிறது? கேட்டவரே சொல்லிவிட்டார்: “சர்வீஸ் நல்ல வேகம்.” வேகமாகத் தட்டையாகப் போடுகிற சர்வீஸ் வேகமாகத் திரும்பியும் வரும். நீங்கள் இரண்டு எட்டு வைப்பதற்குள் ரிட்டர்ன் வந்துவிடுகிறது, அப்போது நீங்கள் சர்வீஸ் லைனுக்கும் கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனுக்கும் நடுவில் நிற்கிறீர்கள், அங்கே எந்தப் பந்து வந்தாலும் அது காலடிப் பந்துதான். சர்வீஸ் லைன் நெட்டிலிருந்து 21 அடி. அதற்குப் பின்னால் நின்று நல்ல வாலி அடிப்பவர்கள் உலகத்தில் ரொம்பக் குறைவு.

1998-ல் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் பேட்ரிக் ராஃப்டர் ஆடியதை நேரில் பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தின வருடம்தான் அமெரிக்க ஓப்பன் ஜெயித்திருந்தார், சென்னையிலும் அவர்தான் கோப்பையைத் தூக்கினார். எனக்கு அப்போது கல்லூரி வயது, எதிராளி தொடவே முடியாத சர்வீஸாக, ஏஸ் ஏஸாகப் போடுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். மனிதர் சுழற்றிச் சுழற்றிக் கிக் சர்வீஸ் போட்டார். பந்து உயரமாக வளைந்து போய், விழுந்து, எதிராளியின் தோள் உயரத்துக்கு எழும்புவதற்குள் இவர் நெட் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். அப்போது எனக்குப் புரியவில்லை, ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது: சர்வீஸ் மெதுவாகப் போனால் சர்வீஸ் போட்டவருக்கு நேரம் கிடைக்கிறது. ஸ்வீடன் வீரர் ஸ்டெஃபான் எட்பர்க்கும் இதையே செய்தார். அவர்கள் வாலி அழகாக இருந்ததற்குக் கை மட்டும் காரணம் இல்லை, பந்து வரும்போது அவர்கள் சரியான இடத்தில் இருந்தார்கள்.

ஆகவே அண்ணா, வேகத்தில் கால்வாசியைக் குறையுங்கள், சுழற்சியைக் கூட்டுங்கள், எதிராளியின் பேக்ஹேண்டுக்கோ உடம்புக்கோ போடுங்கள். பெருமை கொஞ்சம் போகும். காலடிப் பந்தில் பாதி தானாக இடுப்பு உயரப் பந்தாக மாறும்.

இன்னொன்று, ஓடிக்கொண்டே வாலி அடிக்காதீர்கள். எதிராளி ராக்கெட்டை முன்னால் கொண்டுவரத் தொடங்குகிற அந்தக் கணத்தில், நீங்கள் எங்கே இருந்தாலும் சரி, சின்னதாக ஒரு குதி, இரண்டு காலும் விரிந்து ஊன்றட்டும். ஸ்பிளிட் ஸ்டெப் என்பது அதுதான். “இன்னும் ஓர் எட்டு வைத்துவிட்டு நிற்கலாம்” என்ற ஆசைதான் ஷூ நுனிக்குப் பந்தைக் கூப்பிடுகிறது.

செம்மண் கோர்ட்

ராஃப்டர் மாதிரி கிக் போட 46 வயது முதுகு ஒத்துக்கொள்ளுமா தம்பி? பந்தைத் தலைக்குப் பின்னால் தூக்கிப் போட்டு முதுகை வளைத்துப் போடுவது. எனக்கு ஒரு முறை பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் கிளப் பக்கமே வரவில்லை.

பேஸ்லைன்வாசி

முழுக் கிக் வேண்டாம், ஸ்லைஸ் போதும். மெதுவாக, வெளிப்பக்கம் வளைகிற ஸ்லைஸ். அது தாழ்வாகவே எழும்பும், எதிராளியும் தூக்கித்தான் அடிக்க வேண்டும். முதுகுக்கும் ஆபத்தில்லை.

மார்க்கர் மகன்

என் அப்பா 30 வருடத்துக்கு மேல் ஒரு கிளப்பில் மார்க்கர். காலையில் மெம்பர்களோடு ஆடுவார், மதியம் கோர்ட்டுக்குத் தண்ணீர் அடித்து ரோலர் இழுப்பார், சாயங்காலம் மறுபடி ஆட்டம். எனக்கு டென்னிஸ் அவர் சொல்லித்தான் தெரியும், அதனால் புத்தக வார்த்தை வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடம்புக்கு வருகிற பந்து. அண்ணன் வலது கைக்காரர் என்று வைத்துக்கொள்கிறேன். நேராக வருவது எல்லாமே பேக்ஹேண்ட்தான். வலது இடுப்பிலிருந்து இடது தோள் வரைக்கும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கோட்டின் மேல் எங்கே வந்தாலும் பேக்ஹேண்ட் முகம்தான். நீங்கள் ஃபோர்ஹேண்டுக்குப் போகப் பார்ப்பதால்தான் முழங்கை விலாவில் போய் இடித்து மாட்டிக்கொள்கிறது. பேக்ஹேண்ட் முகத்தை வைத்தால் முழங்கை வெளியே முன்னால் போகும், ராக்கெட் வயிற்றுக்கு முன்னால் ஒரு கதவு மாதிரி வந்து நிற்கும். வலது இடுப்புக்கே வந்தால் உடம்பை இடது பக்கம் சாய்த்துக்கொள்ள வேண்டும், கை போவதைவிட உடம்பு விலகுவது சீக்கிரம் நடக்கும். பின்னால் ஓர் எட்டு வைத்தாலும் தப்பில்லை. முன்னால் வந்து அடி முன்னால் வந்து அடி என்று எல்லோரும் சொல்வார்கள், இந்த ஒரு பந்துக்கு அது கிடையாது.

நேரக் கணக்கு போட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் நெட்டில் நிற்கிறார்கள், நடுவில் 6 மீட்டர், பந்து மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் கிரிப் மாற்ற முடியுமா? முடியாது. அதனால்தான் கான்டினென்டல் கிரிப் ஒன்றே போதும், ஆணி அடிக்கச் சுத்தியலைப் பிடிக்கிற மாதிரி. ஃபோர்ஹேண்ட் பேக்ஹேண்ட் ஹாஃப் வாலி எல்லாவற்றுக்கும் அதேதான். முதல் ஒரு மாதம் ஃபோர்ஹேண்ட் வாலி செத்துப்போன மாதிரி இருக்கும், விடாதீர்கள்.

பிடியின் அழுத்தமும் முக்கியம். பயத்தில் கெட்டியாகப் பிடித்தால் பந்து பட்டதும் கல்லில் பட்ட மாதிரி பறக்கும். அப்பா சொல்வது, கையில் குருவிக்குஞ்சு இருக்கிற மாதிரி பிடி, பந்து படுகிற நேரத்துக்கு மட்டும் இறுக்கு. ஸ்லிப்பில் கேட்ச் பிடிப்பவர் கையை எப்படித் தளர வைத்திருப்பார், அந்த மாதிரி. காத்திருக்கும்போது ராக்கெட் தலை நெஞ்சு உயரத்தில், இரண்டு முழங்கையும் விலாவுக்கு முன்னால். முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தால் அப்போதே பாதி தாமதம்.

பழகுவதற்குக் கோச்கூட வேண்டாம். கோர்ட் வேலியில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு யாரையாவது பந்து போடச் சொல்லுங்கள். ராக்கெட் பின்னால் போனால் வேலியில் இடித்து “ட்ரிங்” என்று சத்தம் வரும், அந்தச் சத்தம் வராமல் இருபது வாலி. அப்பா எனக்கு இதைத்தான் மாசக்கணக்கில் செய்யவைத்தார், மெம்பர்கள் போன பிறகு இருட்டுகிற நேரத்தில், காற்று இறங்கிய பழைய பந்துகளை வைத்து. ஆளே இல்லையென்றால் சுவர். இரண்டு மீட்டர் தள்ளி நின்று தரையில் படாமல் முப்பது தொடர்ச்சியாக. முதல் நாள் ஆறு வந்தாலே பெரிசு.

தலைக்கு மேல் பேக்ஹேண்ட்: அதில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். இடது கையால் ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டே தோளை முழுசாகத் திருப்புங்கள், முதுகு பாதி எதிராளிக்குத் தெரிய வேண்டும். மணிக்கட்டை ஆட்டாமல் ஆழமாக வைத்துவிட்டு நெட்டுக்கு நகருங்கள். அதைவிட நல்லது, நீங்கள் வலது பக்கக் கோர்ட்டில் நின்று, பந்து நடுவில் மிதந்தால் பார்ட்னர் ஃபோர்ஹேண்டில் ஸ்மாஷ் அடிக்கட்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது. கூடுமானவரை சீக்கிரம் கத்த வேண்டும், அவ்வளவுதான்.

நெட்டுப்பயம்

நன்றி நன்றி. மார்க்கர் மகன், நீங்கள் சொன்னது சரி, நான் ஒவ்வொரு வாலிக்கும் கிரிப் மாற்றுகிறேன் என்பதே இப்போது கையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஒரு சின்ன சந்தேகம்: காலடிப் பந்து மட்டும் எனக்குச் சரியாகக் கண்ணிலேயே படுவதில்லை. கடைசி அரை அடியில் மங்குகிறது. இரண்டு வருடம் முன்னால் இப்படி இல்லை. வயசுதானா?

சாயங்கால டபுள்ஸ்

தம்பி, இரண்டு வருடம் முன்னால் கண்ணாடி மாற்றினீர்களா? மேலே தூரத்துக்கு, கீழே படிப்பதற்கு என்று ஒரே கண்ணாடியில் இருக்கிற புரோகிரசிவ் லென்ஸா?

எனக்கு 58. இதே வியாதி எனக்கும் இருந்தது. முட்டியை மடக்கு, பந்தைப் பார் என்று கோச் கத்துவார், நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன், ஆனால் கண்ணைத் தாழ்த்தினால் லென்ஸின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கிறோம், அது புத்தகம் படிக்கிற தூரத்துக்கு உள்ளது, ஷூ பக்கத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தில் இல்லை. மங்கத்தான் செய்யும். விளையாட்டுக்கென்று தூரப் பார்வை மட்டும் உள்ள சாதாரண லென்ஸில் ஒரு கண்ணாடி போட்டேன். ஸ்கோர் போர்டும் தெரிகிறது பந்தும் தெரிகிறது, போன் மெசேஜ்தான் தெரியவில்லை, அதுவும் நல்லதே. கண் டாக்டரிடம் டென்னிஸ் ஆடுகிறேன் என்று சொல்லிக் கேளுங்கள்.

இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், மேலே எல்லோரும் சர்வீஸ் போடுபவரைப் பற்றியே பேசிவிட்டீர்கள். பார்ட்னர் சர்வீஸ் போடும்போது நீங்கள் நெட்டில் எங்கே நிற்கிறீர்கள்? தலைக்கு மேலே தூக்கிப் போடுகிற லாபுக்குப் பயந்து சர்வீஸ் லைன் ஓரமாகப் பாதுகாப்பாக நிற்கிற ஆண்களை நிறையப் பார்க்கிறேன். அங்கே நின்றால் வருகிற பந்தெல்லாம் முட்டிக்குக் கீழே வரும். இரண்டு எட்டு முன்னால் போங்கள். அதே பந்து நெட்டுக்கு மேலே இருக்கும்போதே கைக்குக் கிடைக்கும். தலைக்கு மேல் போனால் பார்ட்னர் ஓடட்டும், அதற்குத்தானே அவர் பின்னால் இருக்கிறார். லியாண்டர் பயஸ் டபுள்ஸ் ஆடினதை யூடியூபில் போட்டுப் பாருங்கள், கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். பந்து எதிராளியின் காலடியில் தாழ்வாகப் போனால் அவர் உடனே முன்னால் போவார், எதிராளி தூக்கித்தான் அடிக்க முடியும் என்று தெரியும். ஒரே இடத்தில் தூண் மாதிரி நிற்கவே மாட்டார்.

ரொம்ப முன்னால் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பந்து ஆட்டத்தில் இருக்கும்போது ராக்கெட்டோ துணியோ உடம்போ நெட்டைத் தொட்டால் பாயிண்ட் போச்சு. பந்து நம் பக்கம் வருவதற்கு முன்னால் எட்டி அடித்தாலும் போச்சு. நம் பக்கத்தில் அடித்துவிட்டு ராக்கெட் மட்டும் தாண்டிப் போனால் தப்பில்லை. எங்கள் கிளப்பில் மாதம் ஒரு தடவை இதற்குச் சண்டை வரும். வெளியே போகிற பந்து நம் மேல் பட்டாலும் நமக்குத்தான் நஷ்டம், கோட்டுக்கு வெளியே நின்றாலும் அதே விதி, ஆகவே உடம்புக்கு நெஞ்சு உயரத்துக்கு மேலே வேகமாக வந்தால் முகத்தைக் காப்பாற்றுவதோடு குனிந்து விட்டுவிடவும் பழகுங்கள், பாதிக்கு மேல் வெளியேதான் போகும்.

பேஸ்லைன்வாசி

அக்கா, கண்ணாடி விஷயம் பிரமாதம். நான் ஓடு உடைந்திருக்கிறது என்றேன், நீங்கள் விளக்கையே போட்டுவிட்டீர்கள்.

செம்மண் கோர்ட்

முட்டியும் மடக்க வேண்டும். அதை விட்டுவிடாதீர்கள்.

நெட்டுப்பயம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

புரோகிரசிவ்தான். அக்கா சொன்ன அன்றே கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூரப் பார்வைக் கண்ணாடி போன வாரம்தான் கைக்கு வந்தது, முதல் நாள் கோர்ட் ஒரு பக்கம் சரிந்த மாதிரி இருந்தது, மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. பந்தின் மேல் இருக்கிற எழுத்துகூடத் தெரிகிறது என்று சொன்னால் பொய், ஆனால் மங்கல் இல்லை.

சர்வீஸைக் குறைத்தேன். முதல் இரண்டு நாள் ரிட்டர்ன் எல்லாம் என் பார்ட்னர் மார்பில் வந்து விழுந்தது, அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஸ்லைஸ் கொஞ்சம் வளையத் தொடங்கிய பிறகு, சர்வீஸ் லைனைத் தாண்டி ஓர் எட்டு உள்ளே வந்து குதிக்க முடிகிறது. காலடிப் பந்து முன்புபோல ஏழு இல்லை, மூன்று நான்கு வருகிறது. அதை நடுவில் ஆழமாகப் போடுகிறேன். நேற்று அப்படிப் போட்ட ஒரு பந்துக்கு எதிர்ப்பக்கம் இரண்டு பேருமே அசையாமல் நின்றார்கள், செம்மண் கோர்ட் சார் சொன்ன “உன்னுது உன்னுது” எனக்கே காதில் கேட்டது.

உடம்புப் பந்து இன்னும் வரவில்லை. மூளைக்குத் தெரிகிறது, கை ஃபோர்ஹேண்டுக்கே போகிறது. வலது விலாவில் ஒரு நீலத் தழும்பு இருக்கிறது. சுவரில் தொடர்ச்சியாகப் பதினாறு வரை வந்திருக்கிறேன். வேலிப் பழக்கத்துக்குப் பந்து போட வாட்ச்மேனைக் கேட்டேன், அவர் போடுகிற வேகத்துக்கு “ட்ரிங்” சத்தம் அல்ல, என் சத்தம்தான் கேட்கிறது.

மார்க்கர் மகன், அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: அந்தக் குருவிக்குஞ்சைக் கட்டை விரலால் பிடிப்பதா, கடைசி மூன்று விரலாலா?

மார்க்கர் மகன்

கேட்டேன். கடைசி மூன்று விரல் என்கிறார். ஞாயிறு திருச்சி வழியாகத்தான் ஊருக்குப் போகிறோம், ஒரு மணி நேரம் கோர்ட் கிடைக்குமா என்றும் கேட்கச் சொன்னார், பந்தை அவரே போடுவாராம்.